நான்கு வெள்ளைகளும் ஒரு சன்னலும்: கடற்கரைச் சாயலில் ஒரு படுக்கையறை

கடலை ஒட்டிய ஒரு சின்ன அறையில் மூன்று இரவு தங்க நேர்ந்தது. அதற்கு முன் பல மாதங்களாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அங்கே படுத்த சிறிது நேரத்திலேயே தூங்கிப்போனேன், மூன்று நாளும். திரும்பி வந்து என் படுக்கையறைக் கதவைத் திறந்ததும் அந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரிந்தது. தடித்த மெரூன் நிறத் திரை, பளபளவென்று பாலிஷ் போட்ட கட்டில், கூரையில் ஒரு குழல் விளக்கு. இந்த அறையை அந்த அறைபோல ஆக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் மாதம் நான் செய்தது எல்லாமே பொருள் வாங்கியதுதான். நங்கூரம் அச்சிட்ட தலையணை உறை, கப்பல் சுக்கான் வடிவத்தில் கடிகாரம், கண்ணாடிக் குடுவை நிறையச் சங்கு, கயிறு சுற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி. நான்கு சுவருக்கும் அடர்த்தியான நீலம் அடித்தேன். ஒவ்வொன்றையும் ஆசையாகத் தேடித்தான் வாங்கினேன், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான். ஆனால் தூக்கம் மட்டும் பழையபடியே இருந்தது.

என் தங்கை வந்து ஒரு மதியம் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அழகாத்தான் இருக்கு. ஆனா இங்க படுத்தா கண்ணு எங்க போய் நிக்கறதுன்னே தெரியல" என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் பல நாள் மனதிலேயே இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டி வைத்தேன். அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, கடலோர அறையில் என்னென்ன இருந்தன என்று நினைவிலிருந்து எழுதினேன். வெள்ளைச் சுவர். ஒரு கட்டில். கால் தேய்ந்து சாம்பல் பூத்த ஒரு மர நாற்காலி. சன்னலில் மெல்லிய துணி, காற்றுக்கு அது உள்ளே வந்து வந்து போகும். சாயம் போன ஒரு போர்வை. பளபளப்பான பொருள் ஒன்றுகூட இல்லை. ஒரு சங்கு இல்லை, ஒரு கப்பல் படம் இல்லை. கடலோரத்தில் வெயில் நிறத்தை வெளுக்கும், உப்புக் காற்று விளிம்புகளைத் தின்னும், மணல் எல்லாவற்றையும் தேய்க்கும். அந்த அறையில் இருந்த ஒவ்வொரு பொருளிலும் அந்த வெளுப்பும் தேய்மானமும் இருந்தன. எனக்கு வேண்டியது அதுதான் என்று எழுதி முடித்தபோதுதான் புரிந்தது. அந்தப் பக்கமே எனக்குத் திட்டம் ஆனது.

முதலில் சன்னல். யாராவது என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் திரையை மாற்றுங்கள். என் பழைய திரையின் கம்பி சன்னல் சட்டத்தின் அகலத்துக்கே சரியாக இருந்தது. அதனால் திரையை முழுதும் விலக்கினாலும் இரண்டு பக்கமும் கொத்தாக நின்று கண்ணாடியில் கால்வாசியை மறைத்துக்கொண்டே இருக்கும். புதுக் கம்பியைச் சட்டத்துக்கு மேலே 6 அங்குலம் உயர்த்தி, இரு பக்கமும் 8 அங்குலம் நீட்டி அடித்தேன். இப்போது திரையை விலக்கினால் துணி சுவர்மேல் போய் நிற்கிறது, சன்னல் முழுதாகத் திறந்துகொள்கிறது. ஒரு செங்கல்லைக்கூட உடைக்காமல் சன்னல் பெரிதானதுபோல இருந்தது.

துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். நான் முதலில் சிக்கனமாக ஒன்றரை மடங்கு எடுத்துத் தைத்தேன். மூடினால் விறைப்பாக, பந்தல் துணி கட்டியதுபோல நின்றது. இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும், மடிப்பு இருந்தால்தான் காற்றில் அசையும்போது ஓர் அழகு வரும். அடிப்பக்கம் தரையைத் தொடுவதற்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும். தரையில் புரண்டால் துணி அசையாது, தூசியையும் கூட்டிச் சேர்க்கும்.

மெல்லிய துணி மட்டும் போதாது என்பது முதல் இரவே தெரிந்தது. தெருவிளக்கு நேராக முகத்தில் அடித்தது. அதனால் பின்னால் இன்னொரு கம்பி போட்டு, ஒளி புகாத உள்துணி தைத்த திரை ஒன்றையும் சேர்த்தேன். பகலில் அது சுவரோரம் ஒதுங்கிவிடும், படுக்கும்போது மட்டும் இழுத்துக்கொள்வேன். நிறம் சுவரின் வெள்ளையேதான். அதனால் அது இருப்பதே தெரிவதில்லை.

இனி வெள்ளை. இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது. ஒன்றில் துளி நீலம் கலந்திருக்கும், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சாம்பல், ஒன்றில் லேசான இளஞ்சிவப்பு. சின்ன அட்டையில் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். சுவர் முழுக்க ஏறியதும் அந்தத் துளி நிறம் எழுந்து நிற்கும். என் அறையின் சன்னல் கிழக்குப் பார்த்தது. காலையில் ஒரு மணி நேரம்போல நேர் வெயில் வரும். பிறகு நாள் முழுக்க வானத்திலிருந்து வரும் ஒளி மட்டும்தான். நேர் வெயில் இல்லாத அந்த ஒளியில் நீலம் கூடுதல். நான் முதலில் தேர்ந்தெடுத்தது நீலச் சாயல் கொண்ட, கடையிலேயே மிகச் சுத்தமாகத் தெரிந்த வெள்ளை. அது காலையில் அருமையாக இருந்தது. பதினோரு மணிக்கு மேல் சுவர் குளிர்ந்துபோய், மழைக்கால வானம்போல மங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அட்டை முறைக்கு வந்தேன். இரண்டு அடிக்கு இரண்டு அடியில் ஒரு தடித்த அட்டை. அதை நான்கு கட்டமாகப் பிரித்து, நான்கு வெள்ளைகளையும் இரண்டிரண்டு பூச்சு அடித்தேன். நடுவில் பென்சிலால் 1, 2, 3, 4. சுவரில் நேராகப் பூசிப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்திலேயே இருந்து கண்ணை ஏமாற்றும். அட்டை என்றால் சுவருக்குச் சுவர் தூக்கிக்கொண்டு போகலாம். சன்னலுக்கு எதிரே, சன்னல் இருக்கும் சுவரிலேயே, மூலையில், கட்டிலுக்குப் பின்னால் என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்தேன். காலை, நண்பகல், விளக்குப் போட்ட பிறகு, மூன்று நேரமும் பார்த்து ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதினேன். மூன்றாம் எண், கொஞ்சம் மஞ்சளும் மிகக் கொஞ்சம் சாம்பலும் கலந்தது, கடையில் பார்த்தபோது அழுக்கு வெள்ளையாகத் தோன்றியது. என் அறையில் அதுதான் நாள் முழுக்க வெள்ளையாக நின்றது.

மேட் வகையையே எடுத்தேன். பளபளப்பான பூச்சில் சன்னலின் பிம்பம் விழும், பட்டி பார்த்த இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும். மேட் சுவர் ஒளியைச் சிதறடித்து மென்மையாக்கும். கைபடும் இடத்தில் அழுக்கு பிடிக்கும் என்பது உண்மைதான். சுவிட்சுக்குப் பக்கத்தில் மட்டும் கழுவக்கூடிய வகையை அதே நிறத்தில் பூசிக்கொண்டேன்.

நான்கு சுவரில் ஒன்றை மட்டும் சுண்ணாம்புக்கு விட்டேன். இது என் சொந்த ஆசை. சங்கும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கிளிஞ்சலைச் சுட்டு நீர் விட்டு நீற்றினால் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால் காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகும். அதாவது சுண்ணாம்பு அடித்த சுவர் என்பது வேதியியல்படி கிளிஞ்சலேதான். குடுவையில் சங்கை அடுக்கியதைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு நிறைவாக இருந்தது.

ஆனால் சுண்ணாம்பு எல்லாச் சுவரிலும் நிற்காது. உறிஞ்சும் தன்மை உள்ள சுவர் வேண்டும். பிளாஸ்டிக் எமல்ஷன்மேல் நான் ஓர் ஓரத்தில் பூசிப் பார்த்தேன், சில வாரத்தில் செதில் செதிலாகக் கையோடு வந்தது. அதனால் அந்த ஒரு சுவரைச் சிமென்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டினேன். இரண்டு நாள் வேலை, தோள் வலி. பிறகு சுவரைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பால்போல நீர்த்த சுண்ணாம்பை அகலமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிய பூச்சாக நான்கு முறை. கெட்டியாக ஒரே தடவையில் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும், தூள் உதிரும். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே பூசாததுபோலத் தெரியும், பதற்றப்பட வேண்டாம். காயக் காயத்தான் வெள்ளை மேலே வரும். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு நீர் தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பெரிய ஆபத்து.

துளி நீலம் சேர்த்தால் வெள்ளை இன்னும் எடுப்பாகும். அதற்கு அல்ட்ராமரின் நீலம்தான் சரி, அது சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் அந்தக் காரத்தில் நிறம் கெட்டுவிடும்.

எந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு என்பதிலும் யோசனை வேண்டும். கட்டிலுக்குப் பின் சுவரில் அடித்திருந்தால் முதுகு உரசி உரசித் துணியெல்லாம் வெள்ளைத் தூள் ஆகியிருக்கும். படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் எதிர்ச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குச் சன்னல் ஒளி பக்கவாட்டில் விழுகிறது, அதனால் பிரஷ் போன தடங்கள் மேகம்போல லேசாகத் தெரியும். அந்தச் சுவரில் இன்றுவரை ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. தங்கை கேட்ட இடம் அதுதான், கண் போய் நிற்க ஓர் இடம்.

நீலத்தை முழுக்க விட்டுவிடவில்லை. நான் செய்த தவறு நீலத்தைப் பயன்படுத்தியது என்று சொல்ல மாட்டேன், அதை வைத்த இடம்தான் தவறு. கரையில் நின்று பார்த்ததை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகமாக விழுங்கிக்கொள்வதால் ஆழம் கூடக் கூட நீலமாகத் தெரியும். கரையோரத்தில் மெல்லிய தண்ணீருக்குக் கிட்டத்தட்ட நிறமே இல்லை, அடியில் இருக்கும் மணல்தான் தெரியும். வானமும் உச்சியில்தான் நல்ல நீலம், தொடுவானத்தை நோக்கி இறங்க இறங்க வெளுத்துவிடும். ஆக, கரையில் நிற்பவர் கண்ணெதிரே நிறைந்திருப்பது மணலும் வெளுப்பும், அடர் நீலம் ஒரு பட்டை மட்டுமே. அந்த அளவையே அறையிலும் வைத்தேன். தரையில் மணல் நிறம், சுவரில் வெள்ளை, கட்டிலின் கால்மாட்டில் மடித்துப் போட்ட ஒரு போர்வை மட்டும் அடர் நீலம். தலையணைகளில் இரண்டு வெளிர்ந்த சாம்பல் நீலம். அவ்வளவே.

கோடு போட்ட துணி பிடிக்கும் என்றால் ஒரு சின்னக் கணக்கு உதவும். பிரெஞ்சுக் கடற்படை 1858இல் மாலுமிகளின் கோடு போட்ட பனியனுக்கு அளவு வகுத்தபோது, வெள்ளைக் கோடு 20 மில்லிமீட்டர், நீலக் கோடு 10 மில்லிமீட்டர் என்று வைத்தது. வெள்ளை இரண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு. நான் சம அகலக் கோடு போட்ட உறையையும் இந்த அளவில் இருந்த உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சமக் கோடு கண்ணைக் குத்தியது. இரண்டுக்கு ஒன்று இருந்ததில் வெள்ளைதான் முன்னால் வந்தது, நீலம் ஒரு தொடுகையாக நின்றது. அதற்குப் பிறகு எந்தக் கோட்டுத் துணியையும் விரலால் அளந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இண்டிகோ சாயம் ஏற்றிய அடர் நீலத் துணி உரசினால் நிறம் விடும். இழைக்குள் முழுதாக ஊறாமல் மேற்பரப்பிலேயே தங்கும் சாயம் அது. என் புதுப் போர்வை ஒரே வாரத்தில் வெள்ளை விரிப்பின்மேல் நீல நிழலைப் பதித்துவிட்டது, அது முழுதாகப் போகவே இல்லை. அடர் நீலத்தைத் தனியாக நான்கைந்து முறை துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டவில்லை என்ற பிறகே படுக்கைமேல் போடுங்கள்.

மர வேலையில் எனக்கு வருத்தமே அதிகம் கிடைத்தது. பழைய பக்கமேசை ஒன்று, கணுக்கள் நிறைந்த பைன் மரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நேராக வெள்ளைத் தண்ணீர் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். மூன்றாம் வாரம் ஒவ்வொரு கணுவுக்கு மேலும் மஞ்சள் வட்டம் வந்தது. இன்னொரு கோட் அடித்தேன், திரும்பவும் வந்தது. மரவேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "கணு இருக்கற மரத்துக்கு நேரா பெயின்ட் அடிச்சா உள்ள இருக்கறது மேல வந்துகிட்டேதாம்மா இருக்கும். மொதல்ல அரக்கு பூசி அடைக்கணும்" என்றார். கணுவில் இருக்கும் பிசினும் மரத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் பெயின்டின் ஈரத்தோடு ஏறி வந்துவிடுகின்றன. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அதன்மேல் பூசினால் வழி அடைபடும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கணுக்களுக்கு இரண்டு முறை அரக்குப் பூசி, மறுபடி தொடங்கினேன்.

மறுபடி தொடங்கியபோது வெள்ளையையும் விட்டுவிட்டேன். அந்தக் கடலோர நாற்காலி வெள்ளையாக இல்லையே, சாம்பலாகத்தானே இருந்தது. வெளியில் கிடக்கும் மரத்தில் இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் உடைக்கும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும், மிஞ்சும் நார் சாம்பல் நிறத்தில் நிற்கும். இதை வீட்டுக்குள் வரவழைக்க எனக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, பெயின்டில் சம அளவு தண்ணீர் கலந்து வெளிர் சாம்பலாகப் பூசி, ஒரு நிமிடத்துக்குள் பழந்துணியால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே துடைத்துவிடுவது. ரேகைகளுக்குள் மட்டும் நிறம் தங்கும். பக்கமேசைக்கு இதைச் செய்தேன்.

இன்னொன்று, இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறப்போட்டு, அந்த நீரை வடிகட்டி மரத்தில் பூசுவது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து சில நிமிடத்தில் மரமே சாம்பலாகும். கதவுக்குப் பின்னால் மாட்டும் பலகைக்கு இதைப் பயன்படுத்தினேன். ஊறப்போட்ட டப்பாவை இறுக மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். நாள் கணக்கில் ஊறினால் கறுப்பே ஏறிவிடும், அதனால் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து முதலில் துண்டுக் கட்டையில் பாருங்கள். மரத்துக்கு மரம் மாறும். துவர்ப்புக் குறைந்த மரத்தில் ஏறவே ஏறாது, முன்னால் கெட்டியான தேநீரைப் பூசிக் காயவிட்டால் பிடிக்கும். இரண்டு பொருளுக்கும் மேல்பூச்சாகத் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ். எண்ணெய் வார்னிஷ் போட்டால் நாளடைவில் மஞ்சளித்து, பட்ட பாடெல்லாம் வீண்.

கட்டிலை மாற்றவில்லை. தலைமாட்டுப் பலகையின் பளபளப்பை மட்டும் உப்புத்தாளால் எடுத்துவிட்டு அப்படியே விட்டேன். அதுவே போதுமானதாக இருந்தது.

படுக்கை விரிப்புக்கு லினன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆளி நாரில் நெய்தது, வியர்வையை நன்றாக உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். சுருக்கம் அதன் குணம், இஸ்திரி போட்டுச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை, அந்தச் சுருக்கம்தான் இந்தச் சாயலுக்கே உயிர். ஆனால் தைப்பதற்கு முன்னால் துவைத்துவிட வேண்டும். ஏழு அடி நீளத்தில் எனக்கு மூன்று அங்குலம் சுருங்கியது, நல்லவேளை அப்போது வெட்டியிருக்கவில்லை. லினன் மேல் போர்வைக்கு மட்டும், உடம்போடு ஒட்டும் விரிப்புக்குப் பருத்தியையே வைத்துக்கொண்டேன். ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நெய்த பெர்கேல் வகை. அது மொடமொடப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். சாட்டின் நெசவில் இழை மேலாக நீண்டு ஓடுவதால் மினுமினுப்பு வரும், எனக்கு மினுமினுப்பே வேண்டாம் என்பதால் அதைத் தொடவில்லை. ஒரு சதுர அங்குலத்தில் இழை எண்ணிக்கை ஆயிரம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நல்ல நூலில் 200 முதல் 400 வரை இருந்தாலே தாராளம்.

தரைக்குச் சணல் விரிப்பு. கால் வைத்தால் மணலின் சொரசொரப்பு வரும். கட்டிலின் மூன்று பக்கமும் ஒன்றரை அடியாவது வெளியே நீண்டிருக்கட்டும், காலையில் முதல் அடி அதன்மேல் விழ வேண்டும். சணலுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியதில் பழுப்பு வட்டம் விழுந்தது, இப்போதும் இருக்கிறது. கொட்டினால் தேய்க்காமல் உலர்ந்த துணியை வைத்து அழுத்தி எடுங்கள், உடனே காற்றாட விடுங்கள். ஈரம் அதிகமான அறை என்றால் சணலை விட்டுவிட்டுத் தடித்த பருத்தி விரிப்புக்குப் போவதே நல்லது.

சங்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு மனச்சங்கடம் உண்டு. குடுவையில் இருந்தவற்றை ஒருமுறை வினிகரில் போட்டுக் கழுவினேன். நுரைத்தது, அழுக்குப் போகிறது என்று நினைத்தேன். உண்மையில் அமிலம் சங்கையே கரைத்துக்கொண்டிருந்தது. எடுத்தபோது அதன் மினுக்கம் போய் மாவுபோல ஆகிவிட்டது. சங்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். ஆனால் அதைவிட முக்கியமாக, அவற்றை வாங்கியிருக்கவே வேண்டாம். கரையில் கிடக்கும் வெற்றுச் சங்கு துறவி நண்டுக்கு வீடு. வளர வளர அது பெரிய சங்கைத் தேடிக்கொண்டே இருக்கும். கடையில் மினுமினுக்கும் பெரிய சங்குகள் பல, உயிரோடு பிடிக்கப்பட்டவை. கடினப் பவளங்கள், ராட்சதச் சிப்பிகள், ராணிச் சங்கு, 2017 முதல் நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரி, இவை சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருகின்றன, எல்லை தாண்டி எடுத்துச்செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். கடலின்மேல் உள்ள ஆசைக்காகக் கடலிலிருந்து பிடுங்கி வைப்பதில் எனக்கு இப்போது சம்மதம் இல்லை. ஏற்கெனவே வாங்கியவற்றில் ஒன்றை மட்டும் பக்கமேசையில் வைத்திருக்கிறேன். கரையொதுங்கிய கட்டையை எடுக்க அனுமதி உள்ள இடமாக இருந்தால் அது பரவாயில்லை. ஆனால் நல்ல தண்ணீரில் சில நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட்டு உப்பை எடுத்துவிடுங்கள். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கட்டை காயவே காயாது.

இரவு விளக்கை மாற்றிய அன்றைக்குத்தான் அறை முழுமை அடைந்தது. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். கூரையில் இருந்த குழல் விளக்கு 6500 கெல்வின், நண்பகல் வானத்தின் குளிர்ந்த வெள்ளை. அத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த மூன்றாம் எண் வெள்ளையை அது ஒரே நொடியில் நீலமாக்கிவிடும். 2700 கெல்வின் பல்பு இரண்டு வாங்கி, ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒன்றை எதிர் மூலையில் தரைக்கு அருகிலும் வைத்தேன். பெட்டியில் சி.ஆர்.ஐ., அதாவது பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதற்குக் குறைந்தால் மரமும் துணியும் வெளிறிப்போய்த் தெரியும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் விளக்கு மூடியின் கீழ்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும். மேலே இருந்தால் பல்பு கண்ணில் அடிக்கும், கீழே இருந்தால் புத்தகத்தில் வெளிச்சம் விழாது. தூங்குவதற்கு முன் நீலம் மிகுந்த ஒளி உடம்பில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கும் என்பதால், குழல் விளக்கை இப்போது பெருக்கித் துடைக்கும்போது மட்டும்தான் போடுகிறேன்.

கடல் வாசனை என்று விற்கும் மெழுகுவத்திகளையும் முயன்றேன், தலைவலிதான் வந்தது. கடலுக்கு உண்மையிலேயே உள்ள வாசனையில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு, கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளிலிருந்து உருவாவது. அதை ஒரு டப்பாவில் அடைத்து அறைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. சன்னலையும் எதிரே இருக்கும் கதவையும் காலையில் அரைமணி நேரம் திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடுகிறது, துணிகளில் புழுக்கம் தங்குவதில்லை.

புழுக்கம் என்றதும் ஒன்று. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன், பெயின்ட் அடிக்க நகர்த்தியபோது பின்னால் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. அதைத் துடைத்துக் காயவிட்டு, இப்போது இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறேன். ஒரு சின்ன ஈரப்பதமானியும் அறையில் இருக்கிறது. 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம், அந்த நாள்களில் மின்விசிறியை ஓடவிடுகிறேன். உண்மையாகவே கடலுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் கம்பி, கீல், கொக்கி எல்லாவற்றுக்கும் 316 ரகத் துருவேறா எஃகைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் சாதாரண 304 ரகத்தைவிட உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும்.

எல்லாம் முடிய ஏழு மாதம் ஆயிற்று. ஒன்றைச் செய்துவிட்டுச் சில வாரம் அதோடு இருந்து பார்த்து, பிறகு அடுத்தது. முதல் மாதத்தில் ஒரே மூச்சாக வாங்கிக் குவித்தபோது எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போனது. திரை மாறிய பிறகு சுவரின் நிறம் வேறாகத் தெரிந்தது, சுவர் மாறிய பிறகு மேசையின் நிறம் பொருந்தவில்லை. இந்த இடைவெளி இல்லாமல் அவை எனக்குக் கண்ணில் பட்டிருக்காது.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். கட்டிலில் படுத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தவள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினாள். "அக்கா, அந்த அட்டைய வச்சிருக்கியா?" என்று கேட்டாள். அலமாரிக்கு மேலே இருந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் வெள்ளைக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் 'காலையில் நன்று, பதினோரு மணிக்கு மேல் நீலம்' என்று இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, அட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவள் அறைச் சன்னல் மேற்குப் பார்த்தது, மாலை வெயில் நேராக உள்ளே விழும். அந்த முதல் வெள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்று மூன்று நேரமும் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.